மோட்டாரின் சுமையை ஸ்லிப்பைக் கொண்டே அறியலாம்

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் 4 துருவ இண்டக்‌ஷன் மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுழன்றாலும், பெயர்ப்பலகையில் முழுச் சுமை வேகமாகப் பெரும்பாலும் 1440 போன்ற எண்ணே பொறிக்கப்பட்டிருக்கும். அந்த 60 சுற்று வித்தியாசமே ஸ்லிப், அதாவது 4 சதவீதம். ரோட்டார் (மோட்டாரின் சுழலும் பகுதி) காந்தப்புலத்தின் வேகத்தை எட்டிவிட்டால் அதில் மின்னோட்டம் தூண்டப்படாது, முறுக்குவிசையும் பிறக்காது என்பதால், இந்தப் பின்தங்கலைக் குறையாகக் கருத வேண்டாம்.

சுமை கூடும்போது ஸ்லிப்பும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடுவதால், டேக்கோமீட்டர் (சுழல் வேகத்தை அளக்கும் கருவி) 1470 காட்டினால் மோட்டார் சுமார் பாதிச் சுமையில் ஓடுகிறது என்று மதிப்பிடலாம். வேகம் 1440-க்குக் கீழே கணிசமாக இறங்கினால், சுமையைக் குறை சொல்லுமுன், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று பேஸ்களிலும் வோல்டேஜை அளந்து பாருங்கள். சுமை மாறாமல் வோல்டேஜ் மட்டும் குறைந்தாலும் ஸ்லிப் கூடும், ரோட்டார் சூடேறும், வைண்டிங்கின் ஆயுளும் குறையும்.