ஐரோப்பிய மொழிகளில் பங்கும் விகிதமும்: நாலு லத்தீன் வேர்களை வைத்துப் படிக்கும் வழி

ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழி கற்றுக்கொண்டு செய்தியோ ஒப்பந்தமோ வாசிக்க ஆரம்பித்ததும் பங்கு, விகிதம், சதவீதம், தவணை, ஒதுக்கீடு என்று ஒரு கூட்டம் வந்து முன்னால் நிற்கும். இவற்றை மொழிவாரியாகப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள், அது வீண் வேலை. பார்ஸ் (பகுதி), போர்ட்டியோ, குவோட்டா, ராட்டா என்ற நாலு லத்தீன் சொற்களைப் பிடித்துக்கொண்டால் உருவத்தை முக்கால்வாசி நேரம் நாமே ஊகித்துவிடலாம். பொருளை மட்டும் ஊகிக்கக் கூடாது. வழுக்கி விழுவதெல்லாம் அங்கேதான்.

முதலில் உருவம். லத்தீனில் ‘-டியோ’ என்று முடியும் சொல் ஒவ்வொரு மொழியிலும் ஒரு குறிப்பிட்ட வாலை மாட்டிக்கொள்ளும். போர்ட்டியோவையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒருவருக்கு உரிய பங்கு என்று அர்த்தம். ஸ்பானிஷில் போர்சியோன், இத்தாலியனில் போர்ட்சியோனே, போர்ச்சுகீஸில் மூக்கொலியோடு போர்சாவ், ருமேனியனில் போர்ட்சியே, ஜெர்மனில் போர்ட்சியோன், டச்சில் போர்சி, செக்கில் போர்ட்சே, ஹங்கேரியனில் போர்ட்சியோ, போலிஷிலும் ரஷ்யனிலும் போர்ட்சியா. இந்த ஒரு வரியை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ‘புரோ’ சேர்த்தால் விகிதாசாரத்துக்கான சொல்லும் கிடைத்துவிடும்.

அந்தப் ‘புரோ’ சேர்ந்த கதையும் சுவையானது. பிளேட்டோவின் திமேயஸ் என்ற நூலை லத்தீனுக்குக் கொண்டுவந்த ரோமானிய எழுத்தாளர் சிசரோ, அனலோகியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஈடாக வைத்ததுதான் புரோபோர்ட்டியோ. அதே நூலில் நடு எண்ணைக் குறிக்க மெடியெட்டாஸ் என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, இப்படிச் சொல்லவே துணிவில்லை என்கிற மாதிரி தயங்குகிறார். அவர் தயங்கிய சொல்தான் இன்று பிரெஞ்சில் முவாத்தியே, ஸ்பானிஷில் மிதாத், இத்தாலியனில் மெத்தா; எல்லாமே ‘பாதி’. கிரேக்கர்கள் மட்டும் விகிதத்துக்கு இன்றும் அனலோகியா என்றே சொல்கிறார்கள், ஆகவே கிரேக்கம் படிக்கிறவர்களுக்கு இந்த வேர்கள் பெரிதாக உதவாது.

அடுத்து, இரட்டைகளைக் கவனியுங்கள். ஒரே லத்தீன் சொல் ஒரே மொழிக்குள் இரண்டு தடவை நுழைந்திருக்கும்: மக்கள் வாயில் புழங்கித் தேய்ந்து வந்தது ஒன்று, பிற்பாடு படித்தவர்கள் புத்தகத்திலிருந்து எடுத்தது இன்னொன்று. ராட்டாவின் உறவான ராட்டியோ, அதாவது கணக்கு, இதற்கு நல்ல உதாரணம். ஸ்பானிஷில் தேய்ந்தது ராசோன், எடுத்தது ராசியோன். பிரெஞ்சில் ரெசோன், ராசியோன். இத்தாலியனில் ராஜோனே, ராட்சியோனே. தேய்ந்த வடிவம் காரணம், அறிவு என்ற பக்கம் போய்விட்டது, புத்தக வடிவம் அளந்து கொடுக்கும் பங்காக நின்றுவிட்டது. ஆனால் கணிதப் பாடத்தைத் திறந்தால் ஸ்பானிஷ் ராசோன் மறுபடியும் விகிதமாகிவிடும், பிரெஞ்சிலும் பெருக்குத் தொடரின் பொது விகிதத்துக்கு ரெசோன்தான் பெயர். அப்புறம், ஸ்பானிஷ் உணவகத்தில் ராசியோன் என்றால் ஒரு தட்டு உணவு, அதன் உடன்பிறப்பான போர்ச்சுகீஸ் ராசாவ் பெரும்பாலும் விலங்குத் தீவனம். எங்கே உட்கார்ந்து கேட்கிறோம் என்று பார்த்துக் கேளுங்கள்.

சரி, குவோட்டாவுக்கு வருவோம், அதிக நேரம் இதற்குத்தான் தேவைப்படும். லத்தீனில் ‘குவோட்டா பார்ஸ்’ என்றால் ‘எத்தனையில் ஒரு பங்கு’. பார்ஸ் கழன்று விழுந்து கேள்விச் சொல் மட்டும் மிஞ்சியது, ஒவ்வொரு மொழியும் தனக்குத் தோன்றிய பதிலை அதில் நிரப்பிக்கொண்டது. ஸ்பானிஷ் குவோத்தா சந்தாவாகவும் இருக்கும், தவணையாகவும் இருக்கும், ஒதுக்கீடாகவும் இருக்கும், பின்னால் ‘தே மெர்காதோ’ வந்தால் சந்தைப் பங்கு. இத்தாலியனில் பங்கு, சந்தா, போதாததற்கு விமானம் பறக்கும் உயரம். ஜெர்மன் க்வோட்டெ வேலையின்மை விகிதத்திலும் வரும், தொலைக்காட்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதிலும் வரும், பெண்களுக்கான ஒதுக்கீட்டிலும் வரும். பிரெஞ்சில் அது கோத் என்று சுருங்கி மதிப்பீடு, பங்குச்சந்தை விலை என்ற பக்கம் போய்விட்டது. எழுதும்போது ‘o’ மேல் கூரை (ô) போட்டுவிட்டால் விலா எலும்பு அல்லது கடற்கரை, ஜாக்கிரதை. பங்கு என்று பிரெஞ்சில் தெளிவாகச் சொல்ல வேண்டுமானால் பழைய ஜோடியையே வைத்து கோத்-பார் என்பார்கள். ஹங்கேரியர்களுக்கோ க்வோட்டா வரலாற்றுச் சொல்லும்கூட: ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் ஒரே மன்னரின் கீழ் இரட்டை அரசாக இணைந்த 1867 உடன்பாட்டுக்குப் பிறகு பொதுச் செலவில் ஆஸ்திரியா 70, ஹங்கேரி 30 என்று பிரித்துக்கொண்ட விகிதத்துக்கு அதுதான் பெயர்.

போலிஷ் க்வோத்தா இன்னும் மோசம், சாதாரணமாக வெறும் ‘தொகை’. பில்லின் அடியில் அதைப் பார்த்துவிட்டு ஏதோ ஒதுக்கீடு என்று குழம்ப வேண்டாம். ஆனால் 1984 முதல் 2015 வரை ஐரோப்பாவில் இருந்த பால் உற்பத்தி வரம்பைப் பற்றிய போலிஷ் ஆவணத்தில் அதே சொல் ஒதுக்கீடுதான். எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். நாணயத்தின் பெயர் ஒட்டி நின்றால் தொகை, பாலோ மீனோ ஆட்களோ நின்றால் ஒதுக்கீடு, சதவீதக் குறி நின்றால் பங்கு அல்லது விகிதம். அகராதியைவிட வேகமான வழி இது.

ராட்டா ஒப்பிடும்போது சுலபம். ‘கணக்கிட்டபடி’ என்ற புரோ ராட்டா இன்றும் ஒப்பந்தங்களில் அப்படியே உயிரோடு இருக்கிறது: பிரெஞ்சில் ஓ புரோராத்தா, ஸ்பானிஷில் ஆ புரோர்ராத்தா, டச்சில் நார் ராட்டோ. மாத நடுவில் குடிவந்தால் இருந்த நாட்களுக்கு மட்டும் வாடகை என்பதற்கு இதுதான் சொல். தனியாக வந்தால் ஜெர்மன், இத்தாலியன், போலிஷ் மூன்றிலும் பெரும்பாலும் தவணை. ஆங்கிலத்தில் ரேட். அந்த நினைப்பில் பிரெஞ்சில் ‘ராத்’ என்று சொல்லிவிடாதீர்கள், அது மண்ணீரல். வட்டி வீதம் மாதிரி இடங்களில் பிரெஞ்சு தோ, இத்தாலியன் தாஸ்ஸோ, ஸ்பானிஷ் தாசா என்று எல்லாம் மதிப்பிடுதல் என்ற பொருளுள்ள தக்ஸாரே என்ற வேறு லத்தீன் வினையிலிருந்து வந்தவை, வரிக்கான டாக்ஸும் அங்கிருந்து வந்ததுதான்.

சதவீதத்தில் சொல் பிரச்சினை இல்லை, இத்தாலிய வணிகர்களின் பெர் செந்தோ ஜெர்மனில் புரோட்சென்ட், போலிஷில் புரோட்சென்ட் என்று பரவிவிட்டது. ரஷ்யனில் பன்மையில் வந்தால் வட்டி. இலக்கணம்தான் மாறும். ஸ்பானிஷிலும் இத்தாலியனிலும் எண்ணுக்கு முன் ஆர்ட்டிகிள் (ஆங்கில ‘தி’ மாதிரிச் சொல்) போடுவார்கள், பிரெஞ்சில் வழக்கமாகப் போடுவதில்லை. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் % குறிக்கு முன் ஓர் இடைவெளி விட வேண்டும்.

கடைசியாக, நிறுவனப் பங்குகள். பங்குச்சந்தையில் விற்கும் பங்குக்கு இந்த நாலு வேரும் பயன்படாது, ஆக்டியோ என்ற வேறொரு லத்தீன் சொல்தான் ஆட்சி செய்கிறது: பிரெஞ்சு ஆக்சியோன், ஸ்பானிஷ் அக்சியோன், இத்தாலியன் அட்சியோனே, ஜெர்மன் ஆக்ட்சியெ. சிறிய வரையறுக்கப்பட்ட நிறுவனம் என்றால் மட்டும் நம்ம பழைய ஆட்கள் திரும்பி வருவார்கள்: பிரெஞ்சில் பார், இத்தாலியனிலும் போர்ச்சுகீஸிலும் குவோத்தா, ஸ்பானிஷில் பார்த்திசிபாசியோன். கையெழுத்துப் போடப்போகும் பத்திரத்தில் இந்த இரண்டில் எது இருக்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் பங்கை வெளியாருக்கு விற்கும் விதிகள் இரண்டுக்கும் வேறு.