கம்யூனிட்டி காலேஜில் கணக்கும் சயின்ஸும்: கலிஃபோர்னியாவுக்குப் புதிதாக வருபவர்கள் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது

கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் (பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைத் தரும் அரசுக் கல்லூரிகள்) பாட அளவான ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். 2012 கோடையிலிருந்து அது ஏறவே இல்லை. டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற குவார்ட்டர் முறைக் கல்லூரிகளில் 31 டாலர். 5 யூனிட் கால்குலஸ் வகுப்பு 230 டாலரில் முடிந்துவிடும். ஆனால் ‘நான்ரெசிடென்ட்’, அதாவது இந்த மாநிலத்துவாசி அல்ல, என்று முத்திரை விழுந்தால் இந்த 46-க்கு மேல் தனிக் கட்டணம் சேரும். பல கல்லூரிகளில் அது யூனிட்டுக்கு 300 டாலரைத் தாண்டும். 350 என்று வைத்துக்கொண்டால் அதே வகுப்புக்கு 1,980 டாலர். ஒரே பேராசிரியர், ஒரே பாடப்புத்தகம், ஒரே ஹோம்வொர்க்.

இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், 46 டாலர் வகுப்பை நடத்தும் செலவில் சிறு பங்குதான். 1988-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 98-ஆம் முன்மொழிவு, மாநில வருவாயில் ஒரு பங்கைப் பள்ளிகளுக்கும் கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் ஒதுக்கச் சொல்கிறது. அந்தப் பணம் பெரும்பாலும் மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பிரிகிறது. 525 வகுப்பு மணி நேரம் ஒரு முழுநேர மாணவருக்குச் சமம். நான்ரெசிடென்ட் மாணவரை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவருக்காக மாநிலம் தராததைக் கல்லூரி அவரிடமே வசூலிக்கிறது. ஆக, நீங்கள் யார் என்பதைவிட உங்கள் காகிதம் என்ன சொல்கிறது என்பதுதான் இங்கே விலையைத் தீர்மானிக்கிறது.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவரும், அவருடைய துணைக்கும் பிள்ளைகளுக்கும் தரும் எச்-4-இல் இருப்பவரும் கலிஃபோர்னியா ரெசிடென்ட் ஆகலாம். எஃப்-1 (மாணவர்), ஜே-1 (பரிமாற்றத் திட்டம்), பி (சுற்றுலா, வணிகம்) விசாக்காரர்கள் ஆக முடியாது. எச்-4-இல் படிக்கத் தனி அனுமதியும் வேண்டாம். இது தெரியாமல், படிப்பதென்றால் எஃப்-1 எடுத்தாக வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி விசா மாற்றுகிறவர்களைப் பார்க்கும்போது கோபமே வருகிறது. மாற்றிய நாளோடு ரெசிடென்ட் ஆகும் வழி அடைபடும், சர்வதேச மாணவர் கட்டணம் வரும், ஒவ்வொரு பருவமும் 12 யூனிட் எடுத்தே ஆக வேண்டும். பிறகு வேலை அனுமதி வேண்டும் என்று தெரிந்தே மாற்றினால் அது வேறு கணக்கு.

விதி இதுதான்: வகுப்பு தொடங்கும் நாளுக்கு முந்தைய நாள், நீங்கள் கலிஃபோர்னியாவில் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்திருக்க வேண்டும், இங்கேயே தங்கும் எண்ணமும் அந்த ஓராண்டு முழுக்க இருந்ததாகக் காட்ட வேண்டும். ஃபால் பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். செப்டம்பர் 5-இல் வந்து இறங்கியவருக்கு அடுத்த ஆண்டு ஃபால் கைநழுவும்; ஜனவரியின் ஸ்பிரிங்தான் முதல் வாய்ப்பு. பத்து நாள் வித்தியாசத்துக்கு யாரிடம் போய்க் கெஞ்சினாலும் நடக்காது.

வாழ்ந்ததை பாஸ்போர்ட்டும், நாட்டுக்குள் நுழைந்த பதிவான ஐ-94-ம் காட்டிவிடும். எண்ணத்தைக் காட்டுவதில்தான் நம் குடும்பங்கள் சறுக்குகின்றன. ஊரில் நேட்டிவிட்டி சர்டிபிகேட் வேண்டுமென்றால் இ-சேவை மையத்தில் மனுப் போட்டால் தாசில்தார் பார்த்துக் கொடுப்பார். இங்கே அப்படிச் சான்று தர யாரும் கிடையாது. அட்மிஷன்ஸ் அலுவலகம் உங்கள் பெயரில், ஓராண்டுக்கு முந்தைய தேதியில், இரண்டு மூன்று ஆவணங்கள் கேட்கும். நம் வீட்டில் என்ன நடக்கிறது? வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில். கரண்ட் பில் கணவர் பெயரில். கார், பேங்க், போன் எல்லாம் அவர் பெயரில். மனைவி பதினான்கு மாதம் இதே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு, நடந்துபோய் நூலகத்தில் படித்திருப்பார். அவர் இங்கே இருந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. படித்தவர்கள் நிறைந்த வீடுகளில்தான் இது அதிகம் நடக்கிறது.

ஆகவே வந்த முதல் வாரமே வாடகை ஒப்பந்தத்தில் இரண்டாவது பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். லீசிங் அலுவலகம் ஒரு பக்க இணைப்பில் கையெழுத்து வாங்கும், அவ்வளவுதான். கூட்டு பேங்க் கணக்கு திறந்து, ஸ்டேட்மென்ட் இருவர் பெயரிலும் வரும்படி செய்யுங்கள். வாகன லைசென்ஸ் அலுவலகமான டிஎம்வி-க்குப் போய் லைசென்ஸுக்கு எழுதுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத எச்-4-க்கும் லைசென்ஸ் உண்டு. கார் ஓட்டும் உத்தேசம் இல்லையென்றால் மாநில அடையாள அட்டை போதும். அதில் அச்சாகும் வழங்கிய தேதிதான் உங்கள் ஓராண்டுக் கடிகாரத்தின் முதல் முள். டெக்சாஸிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ மாறி வந்தவர்கள் அந்த ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டே ஓட்டினால், இங்கே தங்கும் எண்ணமில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

வருமான வரியும் வலுவான சாட்சி. மனைவிக்கு டபிள்யூ-7 படிவத்தில் ஐடிஐஎன் என்ற வரி எண் வாங்கி, கூட்டாகத் தாக்கல் செய்யுங்கள். முழு ஆண்டு இருந்தவர்களுக்கு மாநிலப் படிவம் 540. நடுவில் வந்தவர்களுக்கு 540என்ஆர். அதில் ‘பகுதி ஆண்டு ரெசிடென்ட்’ என்று குறிக்க வேண்டும். மென்பொருள் கேட்கிற கேள்வியை அவசரத்தில் தட்டி ‘நான்ரெசிடென்ட்’ என்று போட்டுவிட்டால், பிறகு கல்லூரியில் அதையே எடுத்து நீட்டுவார்கள்.

விண்ணப்பம், கம்யூனிட்டி காலேஜ்களுக்கான பொதுத் தளமான சிசிசி அப்ளையில். இலவசம், அரை மணி நேர வேலை. இரண்டு கேள்விகளில் மட்டும் நிதானம் வேண்டும்: கலிஃபோர்னியாவில் தற்போதைய வாசம் எப்போது தொடங்கியது, விசா வகை என்ன. ஊருக்கு லீவுக்குப் போய்த் திரும்பிய தேதியை முதல் கேள்விக்கு எழுதாதீர்கள்; குடியேறிய தேதியை எழுதுங்கள். நான்ரெசிடென்ட் என்று ஒருமுறை பதிவானால் ஓராண்டு முடிந்ததும் தானாக மாறாது. நீங்கள்தான் மறுவகைப்பாட்டு மனுவை ஆவணங்களோடு பருவம் தொடங்கும் முன் கொடுக்க வேண்டும். முடிந்துபோன பருவத்துக்குக் கட்டிய பணம் திரும்பாது.

ஓராண்டு முடியும்வரை சும்மா இருக்க வேண்டாம். யூனிட் கணக்கில் சேராத நான்கிரெடிட் வகுப்புகளுக்கு யாருக்கும் கட்டணம் கிடையாது. மறந்துபோன அல்ஜீப்ராவைத் தட்டி எழுப்ப அவை நல்ல இடம். ஆறு யூனிட்டோ அதற்குக் குறைவாகவோ எடுக்கும் நான்ரெசிடென்ட் எல்லோருக்கும் தனிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கல்லூரி மாவட்டத்துக்கு (கல்லூரிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) சட்டம் அனுமதி தருகிறது. உங்கள் மாவட்டம் அப்படி முடிவெடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒருவருக்கு மட்டும் தனியாகச் சலுகை தர முடியாது.

இனி கணக்கு. சேரும்போது தேர்வு வைத்து இரண்டு மூன்று படி கீழ் வகுப்புக்குத் தள்ளும் பழக்கத்தை 2017-இன் ஏபி 705 சட்டம் நிறுத்தியது. 2022-இன் ஏபி 1705 இன்னும் போய், இன்ஜினியரிங், இயற்பியல் போன்ற பாடம் எடுப்பவர்களை பெரும்பாலும் நேரே கால்குலஸில் உட்கார வைக்கச் சொல்கிறது. 2025 ஃபாலிலிருந்து அது நடைமுறை. இதில் பணமும் இருக்கிறது. 2018-19 முதல் உள்ள மாநிலத்தின் நிதிச் சூத்திரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் மாணவர் எண்ணிக்கைக்கு, 20 சதவீதம் உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கு, 10 சதவீதம் வெற்றிக்கு. முதல் ஆண்டிலேயே நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது (டிரான்ஸ்ஃபர்) செல்லுபடியாகும் கணக்கும் ஆங்கிலமும் முடிக்கும் மாணவர் அந்தப் பத்தில் எண்ணப்படுகிறார். கல்லூரியின் படிப்பு ஆலோசகரான கவுன்சிலர் அவசரப்படுத்துவதன் பின்னணி இதுவும்தான்.

பிளஸ் டூ கணக்கு முடித்தவருக்குப் பாடம் புதிதல்ல. ஊரில் போல ஒரே பெரிய பரீட்சையில் தூக்கிவிடலாம் என்று நினைப்பதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. வாரந்தோறும் ஹோம்வொர்க், குவிஸ். முதல் மாதத்தில் விட்ட மதிப்பெண்ணைக் கடைசியில் மீட்க முடியாது. படிப்பை விட்டு எட்டு பத்து ஆண்டு ஆனவர்கள் கால்குலஸோடு சேர்ந்து நடக்கும் துணை வகுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக ஒன்றிரண்டு யூனிட், அது வெட்கமில்லை. கால்குலஸ் சார்ந்த பாடம் எடுத்து டிரான்ஸ்ஃபர் ஆக விரும்பும், குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு மாநில நிதியில் ‘மெசா’ மையங்கள் உண்டு. 1970-இல் ஓக்லாண்டின் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. அங்கே கிடைக்கும் டியூஷனுக்கு வெளியே மணிக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரித்துப் பாருங்கள், மதிப்பு புரியும்.

விலகும் தேதிகள் இரண்டு. முதல் இரண்டு வாரத்துக்குள் விட்டால் 46 டாலர் கட்டணம் திரும்பும். பருவத்தின் 20 சதவீதம் கழிந்து வரும் சென்சஸ் நாளில் மாநிலத்துக்கான தலைக்கணக்கு எடுக்கப்படும். அதற்குப்பின் விட்டால் மதிப்பெண் பட்டியலில் விலகியதைக் காட்டும் ‘டபிள்யூ’ நிற்கும்.

உயர்நிலைப் பள்ளியில் பிள்ளை இருந்தால் அவர்களும் இங்கே வகுப்பு எடுக்கலாம். பெரும்பாலான கல்லூரி மாவட்டங்கள் 11 யூனிட் வரை அவர்களிடம் 46 டாலரையும் வாங்குவதில்லை. பள்ளியும் பெற்றோரும் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். ஆனால் பதினாறு வயதில் கால்குலஸில் வாங்கிய ‘டி’யும் நிரந்தரக் கல்லூரிப் பதிவு; யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) விண்ணப்பத்தில் அதை மறைக்க முடியாது. கோச்சிங் சென்டரில் சேர்ப்பதுபோல் நினைத்து, அம்மா அப்பா ஆசைக்காக மூன்று வகுப்பில் ஒரே நேரத்தில் போட்டுவிடாதீர்கள்.