மலையில்லாத ஊரில் இரண்டு மலை: ஓவிய வகுப்பில் தவிர்க்க வேண்டியவை

கடலூரில் எந்தப் பள்ளிக்கு வேண்டுமானாலும் போய், ஐந்தாம் வகுப்பில் "இயற்கைக் காட்சி வரைங்க" என்று சொல்லிப் பாருங்கள். முக்கால்வாசிப் பிள்ளைகள் இரண்டு மலை வரைவார்கள், நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து இறங்கிவரும் ஒரு ஆறு, கரையில் ஓட்டு வீடு, சாய்ந்த தென்னை, வானத்தில் படுத்த 3 போட்ட பறவைகள். வரைகிறவர்களில் பலருக்கு தேவனாம்பட்டினமோ தாழங்குடாவோ சோனாங்குப்பமோதான் ஊர். சூரியன் கடலிலிருந்து மேலே வருவதைத் தினமும் பார்க்கிற பிள்ளைகள். கேப்பர் மலை இருக்கிறதே என்பீர்கள். அது பேரில்தான் மலை, நேரில் செம்மண் மேடு, அதுவும் மேற்குப் பக்கம், அங்கே சூரியன் மறையத்தான் முடியும்.

இந்த மலை கரும்பலகையிலிருந்து வந்தது. ஆசிரியர்களான நாம் ஒன்றைப் போட்டுக் காட்டி "இதே மாதிரி வரைங்க" என்கிறோம், அப்படி வரைந்ததற்கு 'குட்' போடுகிறோம், மூன்று வருஷத்தில் பிள்ளைக்குக் கண் தேவைப்படாமல் போய்விடுகிறது. ஓவிய வகுப்பின் பெரிய தவறு இதுதான், மற்றதெல்லாம் இதன் கிளைகள். 'இயற்கை', 'கிராமம்' என்று பொத்தாம்பொதுவாகத் தலைப்பு கொடுக்காமல் அவர்கள் கையால் தொட்ட ஒரு பொருளைக் கேளுங்கள். சோனாங்குப்பத்துப் பையன் ஒருவன் என் வகுப்பில் வலை வரைந்தான். மேல் கயிற்றில் மிதப்பு, கீழ்க் கயிற்றில் ஈயக்குண்டு, கிழிந்து தைத்த இடத்தில் மட்டும் வேறு நிற நூல். அந்தத் தையலை நான் சொல்லிக் கொடுத்திருக்கவே முடியாது, எனக்கு அது தெரியாது.

அடுத்தது, பிள்ளையின் பென்சிலை வாங்கி நாம் திருத்துவது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம். ஓவிய ஆசிரியராக வருகிற எங்களில் பலர் லோயர், ஹையர் கிரேடு என்ற அரசு ஓவியத் தேர்வுகள் எழுதி வந்தவர்கள். குடத்தின் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா, கனசதுரத்தில் நிழல் சரியாக விழுகிறதா என்று பார்த்துப் பார்த்தே பழகிய கண். அந்த அளவுகோலைக் கொண்டுபோய் இரண்டாம் வகுப்பில் வைத்தால் எல்லாமே தப்பாகத்தான் தெரியும். விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி ஆய்வாளர் 1947லேயே இதைப் படிநிலைகளாகப் பிரித்து எழுதிவிட்டார். ஏறக்குறைய ஏழிலிருந்து ஒன்பது வயது வரை குழந்தை தாளின் அடியில் ஒரு கோடு போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்தும், வானத்தை உச்சியில் ஒரு பட்டையாகப் பூசும், வீட்டுக்குள் இருப்பவர்களைச் சுவர் வழியாகவே காட்டும். அது பிழை இல்லை, அந்த வயதின் கணக்கு. "நடுவுல ஏன்டா வெள்ளையா விட்டிருக்க?" என்று ஒருவனைக் கேட்டேன். "மேல வானம் சார், கீழ தரை சார், நடுவுல காத்து சார்" என்றான். இதில் எதைத் திருத்துவது?

ஒன்பது, பத்து வயதுக்கு மேல் நிலைமை மாறும். "எனக்கு வரைய வராது சார்" என்ற பேச்சு அப்போதுதான் தொடங்குகிறது, தன் படம் நிஜம்போல் இல்லை என்று அவர்களுக்கே தெரிய ஆரம்பிக்கிற வயது. இங்கே சும்மா "சூப்பர்" என்று சொல்லி நகர்வதும் தவறுதான். அந்த நேரத்தில் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்: தூரத்துப் போட் ஏன் சின்னதாகத் தெரிகிறது, நிழல் உண்மையில் கறுப்பா, இலையில் எத்தனை பச்சை. பச்சை கிரேயானை எடுத்து வைத்துவிட்டு மஞ்சளையும் நீலத்தையும் மட்டும் கொடுத்துப் பாருங்கள், ஒரு பீரியட் போதாது.

பீரியட் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு முடியவில்லை என்று ஓவிய வகுப்பைக் கடன் கேட்பார்கள், திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆளும் பற்றாது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், அப்போது மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள். அந்த அரை நாளிலும் பாதி ஆண்டு விழா பேனர் எழுதப் போய்விடும்.

ஆண்டு விழாவுக்கு வருவோம். வெளியிலிருந்து டான்ஸ் மாஸ்டர், சினிமாப் பாட்டு, வாடகை உடை, நன்றாக ஆடுகிற எட்டுப் பேர் முன்வரிசையில், மீதிப் பேர் பின்னால் கை அசைக்க. 2022-23இல் தமிழக அரசு கலைத் திருவிழா தொடங்கியது, நல்ல திட்டம்தான், ஆனால் பரிசு என்று வந்ததும் எல்லாப் போட்டிக்கும் அதே நாலைந்து பேரைத் தயார் செய்கிற பள்ளிகள் இருக்கின்றன.

நான் கலைப் பக்கம் வந்ததே கூத்தினால்தான். பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும்போது, ஆட்டத்தைவிட வேஷம் கட்டுகிற இடத்தில்தான் என் கண் இருக்கும். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய புஜக்கட்டையும் (தோளில் கட்டுகிற அணி) கிரீடமும் பார்க்க அவ்வளவு கனமாகத் தெரியும், தூக்கினால் ஒன்றுமே இல்லை. அந்த மரம் அவ்வளவு லேசு, இல்லாவிட்டால் விடிய விடிய ஆட முடியுமா? அதனால் பள்ளியில் யாராவது "பாரம்பரியக் கலை" என்று ஆரம்பித்து, நாலு பேருக்கு முகத்தில் வண்ணம் பூசி மேடையில் மூன்று நிமிஷம் நிறுத்திவிட்டு போட்டோ எடுத்தால் எனக்கு எரிச்சல் வரும். கூத்தில் பிள்ளைகளுக்கு உதவுவது அதன் அமைப்பு. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்கிறார்கள், ராஜா அதன் பின்னாலிருந்து பாடி வருகிறார், கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் குறுக்கே புகுந்து "யாரு நீ, எந்த ஊரு" என்று கேள்வி கேட்கிறான். ஒரு வேட்டி இருந்தால் இது வகுப்பிலேயே நடக்கும், மேடை வேண்டாம். வாயாடி என்று தினமும் திட்டு வாங்குகிற பையனுக்குக் கட்டியக்காரனைக் கொடுங்கள். வரலாற்றுப் பாடத்தில் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயை நிறுத்திக் கேள்வி கேட்கட்டும்.

நாடகம் நமக்குத் தூரத்துச் சரக்கும் இல்லை. தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தது பக்கத்துப் புதுச்சேரியில்தான், கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலைப் பள்ளிக்கும் அவர் பெயர்தான். புதுச்சேரிச் சுற்றுலா என்றால் பீச்சோடு திரும்பிவிடுகிற பள்ளிகள் ஒருமுறை அதையடுத்த வில்லியனூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பலாம், அங்கே சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. போனால் வேடிக்கை பார்த்து வரிசையில் திரும்பாதீர்கள், பிள்ளைகள் கையில் மண் ஒட்ட வேண்டும்.

வகுப்பில் களிமண் எடுக்கிறவர்கள் சொதப்புவது பெரும்பாலும் மூன்று இடத்தில். கண், காது, தும்பிக்கையை அப்படியே ஒட்டினால் காய்ந்ததும் விழும், ஒட்டுகிற இரண்டு பக்கமும் கீறிவிட்டு, நீர்க்கக் கரைத்த மண்ணைத் தடவி அழுத்த வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிழலில் மெதுவாகக் காயட்டும். யானை வயிறு கட்டியாக இருந்தால் சூளையில் உடையும், அடியில் குடைந்துவிடுங்கள்.

புராஜெக்ட் என்ற பெயரில் தெர்மாகோல் தாஜ்மகால் கேட்பதை நிறுத்தலாம், அதை யார் செய்கிறார்கள் என்று ஸ்டேஷனரி கடைக்காரருக்கே தெரியும். கண்காட்சி வைத்தால் எல்லார் படமும் மாட்டப்படட்டும், பெரியவர்கள் உயரத்துக்கு இல்லாமல் பிள்ளையின் கண் மட்டத்தில். பெயரை அவர்களே எழுதட்டும், கோணலாக இருந்தாலும்.