ஆப்பிரிக்க, கரீபிய நடன ஆசிரியராவது எப்படி: பிரிட்டனில் தொடங்குபவர்களுக்கு

போஸ்டரில் ‘ஆப்பிரிக்க நடன வகுப்பு’ என்று மட்டும் போடாதீர்கள். ஆப்பிரிக்காவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன, ஒரே நாட்டுக்குள்ளும் ஊருக்கு ஊர் ஆட்டம் மாறும். செனகலில் வொலோஃப் மக்கள் ஆடும் சபார், கானாவில் அக்ரா பக்கம் கா மக்கள் ஆடும் பான்லோகோ, கினியில் ஜெம்பே மேளத்துக்கு ஆடும் சோலி, ஜமைக்காவின் கூமினா, டிரினிடாடின் பெலே எல்லாம் தனித்தனி உலகம். இதில் நீங்கள் உண்மையிலேயே கற்றது எதுவோ அதன் பெயரையும் ஊரையும் போடுங்கள். யாரிடம் மேலும் கற்பது, எந்த மேளக்காரரைக் கூப்பிடுவது, பள்ளிக்கூடத்தில் போய் என்ன சொல்வது, நிதி கேட்கும்போது என்ன எழுதுவது என்பதெல்லாம் அதற்கப்புறம் தானாகத் தெளிவாகும். பொதுவாக ‘ஆப்பிரிக்கன்’ என்று போட்டாலும் ஆள் வரும்தான், ஆனால் ஒரு மணி நேரம் வியர்வை சிந்திவிட்டுப் போகிறவர்கள் அடுத்த வாரம் வருவதற்குக் காரணம் இருக்காது.

பிரிட்டனை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலுக்கு அங்கே நீண்ட வரலாறு இருக்கிறது. ஜமைக்காவில் பிறந்த பெர்ட்டோ பசூக்கா 1946-இல் லண்டனில் பாலே நெக்ர் நடனக் குழுவைத் தொடங்கினார். கானாவிலிருந்து வந்த ஜார்ஜ் ட்ஸிகுனு 1984-இல் அட்ஸிடோ நடனக் குழுவையும், மறு ஆண்டு பெவர்லி க்ளீன் ஐரி நடனக் குழுவையும் தொடங்கினார்கள். ஐரி, மேடை நிகழ்ச்சியோடு பயிற்சியையும் சேர்த்தே நடத்தியது. வேலையைத் தொடங்கும் முன் இவர்களைப் பற்றிப் படியுங்கள். உங்களுக்கு முன்னால் யாருமே இல்லை என்கிற மாதிரி பேசும் ஆசிரியர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, கற்பது எங்கே? வீடியோ பார்த்து ஸ்டெப்பை எடுத்துவிடலாம், ஆனால் அந்த ஸ்டெப் எந்த அடிக்கு விழுகிறது, யார் எந்தச் சமயத்தில் ஆடுவது என்பது அதில் வராது. அமெரிக்க நடனக் கலைஞர் காத்தரின் டன்ஹம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்துக்கொண்டிருந்தபோது 1935-இல் கரீபியத் தீவுகளுக்குப் போய், ஜமைக்காவிலும் ஹைட்டியிலும் மக்களோடு தங்கி ஆட்டங்களைப் பதிவு செய்தார், அப்புறம்தான் தனக்கென்று ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். டிரினிடாடில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த நடனக் கலைஞர் பேர்ல் பிரைமஸும் 1948-இல் உதவித்தொகை பெற்று ஆப்பிரிக்காவுக்குப் போனார். இன்று வழி இன்னும் சுலபம்: செனகலில் தூபாப் தியாலாவ் கடற்கரைக் கிராமத்தில் ஜெர்மேன் அகோன்யி தொடங்கிய எகோல் தே ஸாப்ல் நடனப் பள்ளி, கிங்ஸ்டனில் எட்னா மேன்லி கல்லூரியின் நடனப் பிரிவு, அக்ராவை ஒட்டிய லெகோனில் கானா பல்கலைக்கழகம் என்று மூன்று நல்ல வாசல்கள் இருக்கின்றன. போக வசதியில்லாவிட்டால், அந்த ஊரிலிருந்து வந்து உங்கள் நகரத்தில் குடியிருக்கும் மூத்த கலைஞரைத் தேடிப் போய்க் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள், கூடவே மேளமும் கற்றுக்கொள்ளுங்கள்.

மேளம் ஏன் என்றால், கினி வகை வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று டுன்டுன் மேளங்கள்: பெரியது டுன்டுன்பா, நடுவில் சங்பன், சின்னது கென்கெனி. குச்சியால் அடிக்கும் இவை மூன்றும் சேர்ந்துதான் பாட்டைத் தாங்குகின்றன. அதற்கு மேல் வெறுங்கையால் ஜெம்பே. மாணவர்கள் வரிசை வரிசையாக அறையின் ஒரு முனையிலிருந்து மேளக்காரர்களை நோக்கி ஆடிக்கொண்டே வருவார்கள். அடுத்த ஸ்டெப்புக்கு எப்போது மாறுவது என்பதை முன்னணி ஜெம்பே ஒரு சிறு தாளத் துண்டை அடித்துச் சொல்லும், அதைத்தான் பிரேக் என்பார்கள். ஆசிரியர் ‘ஐந்து, ஆறு, ஏழு, எட்டு’ என்று கத்திக்கொண்டிருந்தால் மாணவர்களின் காது கடைசிவரை திறக்காது. எண்ணுவதை முதல் பத்து நிமிடத்தோடு நிறுத்திவிட்டு பிரேக்கை வாயால் சொல்லிக்காட்டுங்கள், கைதட்டச் சொல்லுங்கள், அப்புறம் மேளக்காரரிடம் விட்டுவிடுங்கள். கடைசியில் எல்லோரும் வட்டமாக நின்று ஒவ்வொருவராக நடுவில் வந்து ஆட நேரம் ஒதுக்குங்கள், மேளக்காரர்களுக்கு நன்றி சொல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

மதச் சடங்கோடு சேர்ந்த ஆட்டங்களில் நான் கொஞ்சம் கறாராகத்தான் இருப்பேன். கூமினா, அடிமைமுறை ஒழிந்தபின் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்கு வந்த மத்திய ஆப்பிரிக்க மக்களோடு வந்தது. செயின்ட் தாமஸ் பகுதியில் அது இன்றும் முன்னோரை அழைக்கும் வழிபாடு. மேளக்காரர் மேளத்தைப் படுக்கவைத்து அதன் மேலேயே உட்கார்ந்து, குதிகாலைத் தோலில் அழுத்திச் சுருதியை மாற்றுவார். சுற்றி ஆடுபவர்கள் பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வட்டமாக நகர்ந்துகொண்டே போவார்கள். ஹைட்டியின் வூடூ வழிபாட்டில் ஆடும் யான்வலுவும் அப்படித்தான், முதுகெலும்பு அலை அலையாக அசைவது பாம்பு வடிவான டம்பாலா தெய்வத்துக்காக. இவற்றின் அசைவைக் கற்பிக்கலாம், மேடைக்கும் கொண்டுவரலாம், டன்ஹமும் ஜமைக்காவின் தேசிய நடன நாடகக் குழுவும் அதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் அது என்ன, யாருடையது என்று வகுப்பில் வாய்திறந்து சொல்லுங்கள், சாமி வந்ததுபோல நடிக்கச் சொல்லாதீர்கள், ‘உடல் எடை குறைக்கும் யான்வலு’ என்று விற்காதீர்கள்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழங்காலை மடித்து, உடலைத் தாழ்த்தி, வெறுங்காலோடு ஆடும் ஆட்டம் இது. கான்கிரீட் தரையில் தொடர்ந்து குதித்தால் கணைக்கால் எலும்பு வலி வரும், ஆகவே மரத்தரை உள்ள ஹாலாகப் பாருங்கள், வாடகை கூட இருந்தாலும் பரவாயில்லை. ஹாலை ஒப்புக்கொள்ளும் முன்பே ஜெம்பே சத்தத்துக்கு அக்கம்பக்கத்தார் சம்மதிப்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

காசு விஷயம். வாரம் ஒரு பெரியவர்கள் வகுப்பு மட்டும் குடும்பத்தை நடத்தாது. பள்ளிப் பட்டறை, முதியோர் வகுப்பு, கார்னிவல் குழுப் பயிற்சி, கல்லூரியில் சிறப்பு வகுப்பு என்று நாலைந்து வருமானம் சேர்ந்தால்தான் மாதம் ஓடும். பள்ளிகளிடமிருந்து அழைப்பு பெரும்பாலும் அக்டோபரில், கறுப்பின வரலாற்று மாதத்தில் குவியும். அந்த ஒரு நாள் பட்டறையை ஏற்றுக்கொள்ளும்போதே வசந்தகாலத்தில் ஆறு வாரத் தொடர் வகுப்பு ஒன்றையும் முன்வையுங்கள், ஏனென்றால் ஒரு மணி நேரத்தில் குழந்தைகள் கற்பது மிகக் குறைவு. வகுப்பில் யாருக்காவது அடிபட்டால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடும், குற்றப் பின்னணி பார்த்துத் தரும் டிபிஎஸ் சான்றிதழும் கையில் இல்லாமல் பள்ளியை அணுகாதீர்கள். ஆண்டுக்கு 1,000 பவுண்டுக்கு மேல் சுயதொழில் வரவு இருந்தால் பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சி-யில் பதிவு செய்யவேண்டும். மேளக்காரரின் கூலியைக் கட்டணத்தை நிர்ணயிக்கும்போதே சேர்த்துவிடுங்கள், மிச்சமிருந்தால் தருகிறேன் என்பது அநியாயம்.

இந்தக் கலையை நாலு பேருக்குக் கொண்டுசேர்ப்பதும் உங்கள் வேலைதான். ஒவ்வொரு வீடியோவிலும் யாரிடம் கற்றீர்கள் என்பதையும் மேளம் அடித்தவர் பெயரையும் எழுதுங்கள். ஏப்ரல் இறுதி வாக்கில் லெஸ்டரில் நடக்கும் லெட்ஸ் டான்ஸ் இன்டர்நேஷனல் ஃப்ரன்டியர்ஸ் விழாவுக்குப் போய், நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களோடு நேரில் பேசுங்கள். 1994-இல் தொடங்கிய அடாட் அமைப்பு ஆப்பிரிக்க வழி நடனக் கலைஞர்களுக்காகச் செய்துவந்த வேலை 2016 முதல் நடனத் துறைக்கான ஒன் டான்ஸ் யூகே அமைப்புக்குள் தொடர்கிறது, அங்கே உறுப்பினராவது நல்லது. பொது நிதியை மட்டும் நம்பாதீர்கள்: அட்ஸிடோ அளவுக்குப் பெரிய குழுவே நிதி நின்றதும் 2005 வாக்கில் மூடவேண்டியிருந்தது. அதற்காகக் கேட்காமலும் இருக்காதீர்கள். கலைகளுக்குப் பொது நிதியைப் பகிர்ந்தளிக்கும் ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்திடம் தனிக் கலைஞர்கள் தங்கள் கலையை வளர்த்துக்கொள்வதற்கென்றே ஒரு நிதித் திட்டம் உண்டு, சில ஆண்டு வேலை அனுபவம் சேர்ந்தபின் விண்ணப்பியுங்கள். செனகலிலோ ஜமைக்காவிலோ சில வாரம் தங்கிப் படிக்க அது உதவும். பட்ஜெட் எழுதும்போது விமானச் செலவோடு, அங்கே உங்களுக்குக் கற்றுத்தரும் ஆசிரியரின் சம்பளத்தையும், நீங்கள் வகுப்பு நடத்தாமல் விடும் அந்த வாரங்களுக்கான உங்கள் சம்பளத்தையும் சேர்த்தே கேளுங்கள்.