ஆஸ்பிரின் சாப்பிட்டால் போதுமா? மீண்டும் வரும் ரத்த உறைவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலின் ஆழ்சிரையில் உறையும் ரத்தக்கட்டி நகர்ந்துபோய் நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு போன்ற காரணம் எதுவும் இல்லாமல் இது வந்தவர்களில், உறைவெதிர்ப்பு மருந்தை (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) நிறுத்திய முதல் ஆண்டிலேயே சுமார் பத்தில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது. அவ்வகை மருந்தான வார்ஃபரினை வருடக்கணக்கில் தொடர்ந்தால் ரத்தக்கசிவு பயம், அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அதனால்தான் மலிவான, எல்லோருக்கும் தெரிந்த ஆஸ்பிரினைச் சோதித்துப் பார்த்தார்கள். 2012இல் வெளியான இரண்டு ஆய்வுகள் முக்கியமானவை: இத்தாலியில் தொடங்கிய வார்ஃபாசா, ஆஸ்திரேலியாவை மையமாகக் கொண்ட ஆஸ்பயர். இரண்டிலும் தினமும் 100 மில்லிகிராம்தான் கொடுத்தார்கள்.

பெரிய தவறு, எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார்க்காமல் விடுவது. வார்ஃபாசாவில் சேர்ந்த 402 பேரும் உறைவெதிர்ப்பு மருந்தை 6 முதல் 18 மாதம் சாப்பிட்டு முடித்தவர்கள். அதன்பிறகு ஒரு பாதிக்கு ஆஸ்பிரின், மறு பாதிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. போலி மாத்திரை எடுத்தவர்களில் ஆண்டுக்கு 100 பேரில் 11.2 பேருக்குத் திரும்பிய உறைவு, ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் 6.6 ஆகக் குறைந்தது. ஒன்றுமே எடுக்காமல் இருப்பதைவிட ஆஸ்பிரின் மேல் என்பதுதான் இதன் பொருள். வார்ஃபரினுக்கு அது சமம் என்று இந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை. ரிவராக்சபான் என்ற இன்னொரு உறைவெதிர்ப்பு மருந்தோடு ஆஸ்பிரினுக்கு நேரடிப் போட்டி, 2017இல் வெளியான ஐன்ஸ்டைன் சாய்ஸ் ஆய்வில் நடந்தது. சுமார் 3,400 பேர், அதிகபட்சம் ஓராண்டு. ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 4.4 சதவீதத்தினருக்கு உறைவு திரும்பியது. ரிவராக்சபான் 10 மில்லிகிராம் எடுத்தவர்களில் 1.2 சதவீதம், 20 மில்லிகிராம் எடுத்தவர்களில் 1.5 சதவீதம் மட்டுமே. கடும் ரத்தக்கசிவு எல்லாக் குழுவிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 0.3 முதல் 0.5 சதவீதம் வரை. ஆகவே உறைவெதிர்ப்பு மருந்தைத் தாங்கக்கூடியவர், ஆஸ்பிரின் பாதுகாப்பானது என்று நம்பித் தானாக மாறிக்கொள்வது நல்ல பேரமே இல்லை. அந்த மருந்தைத் தொடர முடியாதவருக்கோ விரும்பாதவருக்கோ, வெறுங்கையோடு விடாமல் கொடுப்பதற்கு ஆஸ்பிரின் இருக்கிறது.

ஆஸ்பயர் ஆய்வைத் தோல்வி என்று ஒதுக்குவதும் சரியல்ல. 3,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு 822 பேரோடு நின்றுபோன ஆய்வு அது. போலி மாத்திரைக் குழுவில் ஆண்டுக்கு 6.5 சதவீதமாக இருந்த உறைவு ஆஸ்பிரின் குழுவில் 4.8 ஆனது; ஆள் குறைவாக இருந்ததால் அந்த வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பலன் இல்லை என்று நிரூபணமானதாக அதற்கு அர்த்தம் கிடையாது. இரண்டு ஆய்வுகளின் தரவையும் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது ஆபத்து சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது தெளிவாகவே தெரிந்தது. ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கை மட்டும் கேட்டு மயங்கவும் வேண்டாம். நூறு பேர் ஓராண்டு சாப்பிட்டால் எத்தனை பேர் தப்பிக்கிறார்கள் என்று கேளுங்கள்: வார்ஃபாசாவில் நாலைந்து பேர், ஆஸ்பயரில் இரண்டு பேருக்கும் குறைவு.

வார்ஃபாசாவில் கடும் ரத்தக்கசிவு குழுவுக்கு ஒருவருக்கு மட்டுமே வந்தது. அதை வைத்து வயிற்றுப்புண் இருப்பவர் தைரியமடையக் கூடாது. ரத்தக்கசிவு ஆபத்து அதிகமுள்ளவர்களை இத்தகைய ஆய்வுகளில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் இந்த எண்கள் பொருந்தாது.

இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன், சிரைக்கும் அதுவே போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் போன்ற தமனியில் உருவாகும் கட்டியில், ஒன்றோடொன்று ஒட்டி ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களின் பங்கு பெரிது, ஆஸ்பிரின் தடுப்பது அவற்றைத்தான். சிரையில் உருவாகும் கட்டியில் ஃபைப்ரின் என்ற புரத இழைகளே அதிகம். புதிதாக உறைவு வந்தவருக்கு ஆஸ்பிரின் சிகிச்சையே ஆகாது.

மருத்துவர் சொல்லாமல் உறைவெதிர்ப்பு மருந்தோடு ஆஸ்பிரினைச் சேர்ப்பதும், வலிக்கு இபுப்ரூஃபனைக் கூடப் போடுவதும் ரத்தக்கசிவை வரவழைக்கும். மலம் கறுத்துப் போனால் உடனே காட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ, ஆஸ்பிரின்தான் சாப்பிடுகிறோமே என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.