பழைய பாணி ஸ்டீல் சைக்கிள் ஃபிரேம்: ரம்பத்தை எந்த முனையில் வைப்பது?

முதல் ஃபிரேம் செய்கிறவர்களின் பக்கத்தில் நின்றால் என் பழைய தவறுகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வருகின்றன. அளவைச் சரிபார்ப்பது, பாதுகாப்புக் கண்ணாடி போடுவதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், விட்டுவிடுகிறேன்.

கைக்கு வந்த முனையில் வெட்டுவது

இது இன்னும் எனக்கு ஆறவில்லை. பட்டட் குழாயின் வெளி விட்டம் முழுக்க ஒன்றுதான். உள்ளே சுவர் மாறும்: முனைகளில் 0.9 மி.மீ. என்றால் நடுவில் 0.6. இணைப்பில் சூட்டையும் பளுவையும் தாங்கத் தடிமன், நடுவில் எடைக் குறைவு. ஆல்ஃப்ரெட் ரெனால்ட்ஸ் 1897-லேயே காப்புரிமை பெற்ற யோசனை. பெரும்பாலும் ஒரு முனையில் தடித்த பகுதி நீளமாக இருக்கும். வெட்டிக் குறைக்கத்தான் அந்த நீளம்.

நான் ஒரு டவுன் டியூபை, அதாவது முன்பக்கத்திலிருந்து பெடல் பக்கம் சரியும் குழாயை, தடித்த பகுதி குட்டையான முனையில் வெட்டினேன். வெள்ளி உருக்கி இணைக்கும் பிரேசிங் அழகாக வந்தது, பெயின்ட்டும் அடித்தாயிற்று. இரண்டாம் வருடம் கீழ் ஹெட் லக்குக்கு (முன்பக்கம் குழாய்களைக் கோக்கும் உறை) சற்றுப் பின்னால், குழாயின் அடியில் மயிரிழை போல ஒரு கோடு. சுரண்டினால் விரிசல். லக் முடிந்த இடத்திலேயே மெல்லிய சுவர் தொடங்கியிருந்தது. அத்தனை நாள் வேலை, ஒரே வெட்டில் போயிற்று.

பழைய பாணியில் இன்னும் கவனம் வேண்டும். நீண்ட கூர்முனை லக் குழாயின் மேல் வெகுதூரம் ஓடும். தடித்த பகுதி அந்தக் கூர்முனையையும் தாண்டி நிற்க வேண்டும். குழாய் வந்ததும் தயாரிப்பாளர் தரும் அளவுப் படத்தைப் பாருங்கள். படம் இல்லையா? குழாயை விரல்மேல் கிடத்துங்கள். சமநிற்கும் இடம் நீண்ட தடித்த முனைப் பக்கம் தள்ளியிருக்கும். அந்த முனையில் குறி போடுங்கள், அப்புறம் ரம்பம். சீட்டைத் தாங்கும் சீட் டியூப் ஒரு முனை மட்டும் தடித்ததாக இருந்தால் அந்த முனை கீழே, பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டுக்கு. வெட்டு மேல் முனையில்.

சுடரைக் கம்பியில் காட்டுவது

வெள்ளிக் கம்பி உருகும், லக்குக்குள் போகாது. லக்கையும் குழாயையும் சேர்த்துச் சூடாக்குங்கள். வெள்ளி ஓடிப் பிடிக்க முன்பே பூசிய ஃப்ளக்ஸ் கண்ணாடி போலத் தெளிந்ததும் வெள்ளிக் கம்பியால் தொடுங்கள். சூடு இருக்கும் பக்கமாக வெள்ளி ஓடும். ஃப்ளக்ஸ் கறுத்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். மேலே எவ்வளவு வெள்ளி ஊற்றினாலும் பிடிக்காது. ஆறவிட்டு, சுத்தம் செய்து, புதிதாகப் பூசி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

காற்றுத் துளை

இரு முனையும் அடைபடும் குழாயை, துளை போடாமல் சூடாக்காதீர்கள்.

பழைய வெள்ளிக் கம்பி

காட்மியம் இருக்கலாம், அதன் புகை நஞ்சு. தொடாதீர்கள்.

ஃப்ளக்ஸை அரத்தால் எடுப்பது

வெந்நீரில் ஊறப்போட்டாலே கரையும். அரம் போட்டால் நாள்கணக்கில் இழைத்த லக்கின் ஓரம் மழுங்கிவிடும்.