பிழிந்து பார்த்துவிட்டுப் பையில் நிரப்புங்கள்

நான் முதன்முதலில் போட்ட பத்துக் காளான் பைகளில் ஏழு வீணாய்ப் போயின. வித்து, அதாவது தானியத்தில் வளர்த்தெடுத்த காளான் இழை, சரியில்லை என்றுதான் எல்லாரிடமும் புலம்பினேன். ஒரு பையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தபோதுதான் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்புத் தண்ணீர் நிற்பது தெரிந்தது. பிரித்தால் ஒரே புளிச்ச நாற்றம். வித்து பாவம், மூச்சுத் திணறிச் செத்திருக்கிறது.

சிப்பிக் காளானுக்கு வைக்கோலே போதும். மழையில் நனையாத, கருப்புப் புள்ளி விழாத புது வைக்கோலாகப் பாருங்கள். மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்குங்கள். நீளமாக விட்டால் பைக்குள் பொந்து பொந்தாக இடைவெளி விழும். ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் எடுத்துவிடுங்கள். மிதக்கும், மேலே ஏதாவது பாரம் வைக்க வேண்டும்.

அடுத்து வெந்நீர். 70 முதல் 80 டிகிரியில் ஒரு மணி நேரம். வெப்பமானியை நடுவில் செருகி, அங்கே 70 காட்டிய பிறகே நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். ஓரம் சுட்டாலும் நடு வெதுவெதுப்பாகவே இருக்கும். தளதளவென்று கொதிக்க விட வேண்டாம். மிதமான சூட்டுக்குத் தப்பும் சில நுண்ணுயிர்கள் பச்சைப் பூசணத்தை எளிதில் அண்ட விடுவதில்லை. மரத்தூளில் தவிடு கலந்து செய்பவர்களுக்கு இது போதாது. சத்து கூடினால் பூசணத்துக்கும் விருந்துதான். அதைப் பையோடு அழுத்தக் கலனில் 121 டிகிரியில் இரண்டரை மணி நேரம் வைக்க வேண்டும்.

சரி, இப்போது ஈரம். வெந்த வைக்கோலை வடித்து, சுத்தமான விரிப்பில் நிழலில் பரப்புங்கள். எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள், அன்றைய காற்றைப் பொறுத்தது. அரை மணிக்கொரு தரம் ஒரு கைப்பிடி அள்ளி, முழு பலத்தோடு பிழியுங்கள். தண்ணீர் ஒழுகினால் இன்னும் காய வேண்டும். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் எட்டிப் பார்த்தால் அதுதான் பதம். உள்ளங்கைகூட நனையவில்லையென்றால் காய்ந்துவிட்டது, லேசாகத் தெளியுங்கள். கையை நம்பாதவர்கள் 100 கிராம் எடுத்து முழுக்க உலர்த்தி எடை போடலாம்: 35 முதல் 40 கிராம் மிஞ்சினால் ஈரம் சரி. எனக்கு ஐந்தாறு தடவையில் கை பழகிவிட்டது.

சூடு நன்றாக ஆறட்டும், 30 டிகிரிக்குக் கீழே வர வேண்டும். கை கழுவிவிட்டு, ஐந்து கிலோ ஈர வைக்கோலுக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை வித்து எடுத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் ஒரு அடுக்கு, வித்து ஒரு அடுக்கு. வித்தைப் பையின் ஓரமாகத் தூவினால் இழை ஓடுவது வெளியிலிருந்தே தெரியும். ஒவ்வோர் அடுக்கையும் அழுத்தி நிரப்பிக் கட்டுங்கள். சுற்றிலும் எட்டுப் பத்துத் துளை போடுங்கள். அடியிலும் இரண்டு துளை போடுவது என் வழக்கம், பழைய பயம்தான்.

நாலாம் நாள் தானியத்தைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருக்கும். எங்காவது பச்சை தெரிந்தால் பிரித்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள். கட்டு அவிழ்க்காமல் அப்படியே மற்ற பைகளிடமிருந்து தூரமாகக் கொண்டுபோய் விடுங்கள்.